கோழிக்குஞ்சும் வீட்டு நாயும்

மனிதனுடைய வாசலுக்கு முதன்முதலில் வந்து சேர்ந்த விலங்கு நாய். செருமனியின் பொன் நகருக்கு அண்மையில், மனிதரோடு சேர்த்துப் புதைக்கப்பட்டுக் கிடந்த நாயொன்றின் எலும்புகள் ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் பழமை வாய்ந்தவை. கோழியோ மிகப் பிந்தி வந்த விருந்தாளி. முன்னர் எண்ணியிருந்ததற்கு மாறாக, அது வீட்டுப் பறவையானது இற்றைக்கு ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர்தான் என்று 2022 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வுகள் கூறுகின்றன. தாய்லாந்தின் பான் நொன் வட் என்னுமிடத்திற் கிடைத்த எலும்புகளே வீட்டுக் கோழியின் எலும்புகளுள் மிகப் பழையவை என்பது அவ்வாய்வுகளின் முடிவு. நெல்லும் தினையும் விளைந்த இடங்களிற் சிந்திய மணியைத் தேடி வந்த காட்டுக்கோழி மீண்டும் காட்டுக்குப் போகவில்லை. ஆக, நாய் படுத்திருந்த முற்றத்திற் பத்தாயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னரே கோழி கால் வைத்தது. அந்த முற்றம் யாருக்கு உரியது என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. இரண்டையும் வளர்க்க முற்படும் ஒவ்வொரு வீட்டிலும் அது புதிதாக விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் அவ்வழக்கு 2022 ஆம் ஆண்டின் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஆரம்பமாயிற்று. வீட்டுத் தலைவர் புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றிற் கணக்கப்பிள்ளை. புறக்கோட்டையை அறிந்தவர்களுக்கு நான்காம் குறுக்குத் தெருவைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் செத்தல் மிளகாயும் சீனியும் மூடை மூடையாக இறங்கும் தெரு அது. நாட்டாமிமார் கைவண்டிகளைத் தள்ளிக்கொண்டு கூவும் ஓசையும், லொறிகளின் ஓசையும், விலை பேசும் ஓசையும் ஒன்றோடொன்று மோதும். அந்த வருடம் அத்தெருவில் ஓசை குறைந்திருந்தது. டொலர் இல்லாமையாற் கப்பல்கள் சரக்கை இறக்காது நின்றன. எரிபொருள் இல்லாமையால் லொறிகள் நின்றன. அத்தகைய ஒரு மாலை நேரத்தில், நடைபாதையில் ஒருவர் அட்டைப்பெட்டி நிறையக் கோழிக்குஞ்சுகளை வைத்துக்கொண்டு விற்பதைக் கணக்கப்பிள்ளை கண்டார். விலை மிக மலிவு. முட்டை விலை வாரந்தோறும் ஏறிக்கொண்டிருந்த காலம். அவர் மனத்தில் ஒரு கணக்கு ஓடியது. கணக்கிற் கெட்டிக்காரர்தான், ஆனாலும் எல்லா எண்களையும் அவர் அன்று கூட்டிப் பார்க்கவில்லை. ஏழு குஞ்சுகளைக் கடதாசிப் பெட்டியொன்றில் வாங்கிக்கொண்டு, ஜம்பட்டா வீதி வழியாக நடந்தே வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் அவருடைய மனைவி, ஒன்பது வயது மகள், மாமியார், ஜிம்மி என்னும் நாய். மாமியார் வடமராட்சியிலிருந்து வந்து மகளோடு தங்கியவர், சிறுமிக்கு அம்மம்மா. ஜிம்மிக்கு நான்கு வயது. தெருவில் ஈன்ற நாயொன்றின் குட்டி. வீட்டின் பின்புறம் சீமெந்து பூசிய சிறு முற்றம். பன்னிரண்டு அடி நீளம், எட்டடி அகலம். அதுவே அதன் இராச்சியம்.

பெட்டியைக் கீழே வைத்ததும் நாய் வந்து நின்றது. அதன் தலை ஒரு பக்கம் சாய்ந்தது, பிறகு மறுபக்கம் சாய்ந்தது. பெட்டிக்குள்ளிருந்து வந்த கீச்சொலி அதுவரை அது கேளாத ஒலி. நாயின் செவி மனிதச் செவியைவிடப் பெருமளவு உயர்ந்த ஒலிகளையும் பற்றிக்கொள்ள வல்லது. குஞ்சின் குரலில் மனிதருக்கு ஒரே கீச்சாகக் கேட்பது உண்மையில் இருவேறு பேச்சு. குளிரும் பசியும் தனிமையும் வந்தால் அது உரத்து, மேலிருந்து கீழ்நோக்கி இறங்கும் தொனியில் அழும். சூடும் துணையும் கிடைத்தாற் சிறிய, மேலேறும் தொனியில் முணுமுணுக்கும். முதலாவது ஒலி கேட்டபோதெல்லாம் ஜிம்மியின் உடல் விறைத்தது. இரண்டாவது கேட்டபோது காதுகள் தளர்ந்தன. அந்த வேறுபாட்டை வீட்டில் முதலிற் கண்டுகொண்டது நாயே எனலாம்.

முட்டையிலிருந்து வெளிவருவதற்குச் சற்று முன்னர் குஞ்சு எஞ்சிய மஞ்சட்கருவைத் தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கின்றது. அந்தக் கட்டுச்சோறு இரண்டு நாளுக்கு அதனைத் தாங்கும். ஒருநாட் குஞ்சுகளைப் பெட்டியிலடைத்து ஊர் ஊராக அனுப்பும் வாணிபம் முழுவதும் இந்த ஒரு சலுகையின்மேல் எழுந்ததே. ஆனாற் சூட்டுக்கு அத்தகைய சேமிப்பு எதுவுமில்லை. முதல் வாரத்திற் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதன்பின் வாரத்துக்கு மூன்று பாகையளவு குறைத்துக்கொண்டு வரலாம். தாய்க்கோழியின் சிறகடியில் அது விலையின்றிக் கிடைக்கின்றது. தாயில்லாத குஞ்சுக்கு மின்குமிழ்தான் தாய். அதிலும் பழைய இழைக்குமிழ் வேண்டும். இந்நாளைய சிக்கனக் குமிழ்களில் ஒளி உண்டு, சூடு இல்லை. கணக்கப்பிள்ளை இரண்டு கடைகள் ஏறி இறங்கி 60 வாற்று இழைக்குமிழ் ஒன்றை வாங்கி வந்து பெட்டிக்கு மேலே தொங்கவிட்டார். குஞ்சுகள் குமிழின் கீழ் ஒன்றையொன்று நெருக்கினாற் குளிர். மூலைகளுக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சிரைத்தாற் சூடு கூட. பெட்டியெங்கும் பரந்து படுத்தாற் போதும். இதற்கு வெப்பமானி வேண்டியதில்லை.

இரண்டாம் நாள் ஒரு குஞ்சு இறந்தது. காரணம் தெரியவில்லை, ஒருநாட் குஞ்சுகளுள் ஒன்றிரண்டு அவ்வாறு போவது வழக்கந்தான். சிறுமி அதனை ஒரு பூச்சாடியிற் புதைத்தாள்.

மார்ச் 31 ஆம் நாள் மின்வெட்டு 13 மணித்தியாலமாக அறிவிக்கப்பட்டது. கொழும்பு நகரம் இருளில் மூழ்கியது என்று எழுதுவது எளிது. அந்த இருளின் உட்புறம் ஒவ்வொரு வீட்டிலும் வேறாக இருந்தது. ஒரு வீட்டில் நோயாளியின் மூச்சுக்கருவி நின்றது. ஒரு வீட்டிற் பரீட்சைக்குப் படித்த பிள்ளை மெழுகுதிரியோடு இருந்தது. இந்த வீட்டில் ஆறு குஞ்சுகளுக்குத் தாய் அணைந்துவிட்டது. எரிவாயு இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை. அம்மம்மா விறகடுப்பு மூட்டித் தண்ணீரைச் சுடவைத்து, சோடாப் போத்தல்களில் நிரப்பி, பழஞ்சேலைத் துண்டுகளாற் சுற்றிப் பெட்டிக்குள் நிறுத்தினார். தணற்சட்டி வைத்தால் என்ன என்று மருமகன் கேட்டபோது அவர் மறுத்துவிட்டார். மூடிய அறையிற் கரிப்புகை குஞ்சையும் கொல்லும், அருகிற் படுக்கும் பிள்ளையையும் கொல்லும்.

குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய காட்சியொன்று உண்டு. மாலை வேளை, வேலியோரம் காட்டுப்பூனை வருகின்றது, புகுமிடம் அறியாமற் கலங்கி ஒன்றாய்க் கூடிய குஞ்சுகளை வீட்டுப் பேடு கூவி அழைக்கின்றது. ஈராயிரம் ஆண்டுப் பழமை கொண்ட அந்த மாலையில் அழைக்க ஒரு பேடு இருந்தது. கொட்டாஞ்சேனையின் அம்மாலையில் அழைக்க எவருமில்லை. குஞ்சுகள் மட்டும் அழைத்தன. போத்தல்கள் ஆறியதும் அவற்றின் குரல் அந்த இறங்கு தொனிக்கு மாறியது. எல்லோரும் புழுக்கம் தாங்காது முன்வாசலில் இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை. நாய் கேட்டது.

பெட்டியின் மேலிருந்த கம்பிவலை சரிந்து கிடந்தது. ஒரு குஞ்சு வெளியே சீமெந்துத் தரையிற் கிடந்தது. அதன் உடலிற் பற்குறி இல்லை, இரத்தமில்லை, ஓர் இறகேனும் கலையவில்லை. நாய் அதன் எதிரே முன்னங்கால்களை நீட்டி, பின்புறத்தை உயர்த்தி, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அது ஒரு நாய் இன்னொரு நாயை விளையாட்டுக்கு அழைக்கும் நிலை. குஞ்சு எழவில்லை என்பதால், கைமின்விளக்கின் ஒளியில், எல்லோரும் பார்த்திருக்க, அது மீண்டும் ஒரு முறை முன்னங்காலை அதன்மேல் மெல்ல வைத்துப் பார்த்தது.

கோழி மிதித்துக் குஞ்சு முடமாவதில்லை என்பது தமிழர் எங்கும் வழங்கும் பழமொழி. நாயின் காலுக்கு அப்பழமொழி பொருந்தாது. ஒருநாட் குஞ்சின் நிறை ஏறத்தாழ 40 கிராம். ஜிம்மியின் நிறை அதைவிட நானூறு மடங்குக்குக் குறையாது. நாயின் வேட்டைக்குணம் ஒன்றன்பின் ஒன்றாக வரும் படிகளால் ஆனது என்பர் நாயினங்களை ஆராய்ந்தோர்: தேடல், உற்றுப் பார்த்தல், பதுங்கல், துரத்தல், கவ்வல், கொல்லல், கிழித்துத் தின்னல். ஓநாயில் இத்தொடர் முழுமையாக உள்ளது. வீட்டு நாய்களில் இடையிடையே அறுந்துள்ளது. எந்த நாயில் எங்கே அறுந்துள்ளது என்பதை வளர்த்தவரும் முன்கூட்டிச் சொல்லவியலாது. அறுந்த இடத்தில் விளையாட்டு வந்து குடியேறுகின்றது. குஞ்சுக்கு இவ்வேறுபாட்டாற் பயன் ஒன்றுமில்லை. கொலையாலும் அது சாகும், குதூகலத்தாலும் அது சாகும்.

ஏப்பிரல் 2 ஆம் நாள் சனிக்கிழமை மாலை முதற் திங்கட்கிழமை காலை வரை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம். நால்வரும் நாயும் ஐந்து குஞ்சுகளும் ஒரே கூரையின்கீழ் அடைபட்டனர். வழக்கு அப்போதுதான் பேசப்பட்டது. கணக்கப்பிள்ளை தீர்ப்பை முன்னரே எழுதி வைத்திருந்தார். "ஊரடங்கு முடிஞ்சதும் நாயைக் கொண்டுபோய்க் கடையிலை விட்டிடுறன். இராக் காவலுக்கு ஆகும்." மனைவி பேசவில்லை. சிறுமி நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பின்பு குஞ்சுப் பெட்டியருகே போய் அழுதாள். எந்தப் பக்கம் நின்று அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வயதில் அது பெருந்துன்பம். வளர்ந்தவர்கள் அதனைச் சிறிதென எண்ணுவது மறதியால்.

அம்மம்மா சொன்னார்: "நாய் கொல்லேல்லைத் தம்பி. தொட்டுப் பாத்தது. அதின்ரை கை பாரம்."

அவர் கேட்டது ஒரு மாதத் தவணை. மருமகன் இரண்டு வாரம் கொடுத்தார்.

அந்த இரண்டு வாரத்தில் அம்மம்மா செய்தது எந்நூலிலும் படித்ததன்று. ஆயினும் நாய் பழக்குவோர் இன்று சொல்லும் முறைக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. "நாய்க்குக் குஞ்சைக் காட்டாதை பிள்ளை, முதல்லை மணத்தைக் காட்டு" என்று பேத்தியிடம் சொல்லி, பெட்டிக்குள் விரித்திருந்த சாக்குத் துண்டொன்றை நாய் உண்ணும் கோப்பைக்கு அருகிற் போட்டுவைத்தார். முதல் நாள் நாய் உண்ணாமல் அதனையே மோந்தது. நான்காம் நாள் அதன்மேற் படுத்து உறங்கியது. அதன்பின் நாயைச் சங்கிலியிற் கட்டி, முற்றத்தின் மறுமுனையிற் சிறுமி குஞ்சொன்றை மடியில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி இருந்தாள். நாய் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை ஒன்றுமில்லை. அது பார்வையை வேறுபக்கம் திருப்பிய அந்தக் கணத்திற் கருவாட்டுத் துண்டொன்று அதன் முன் விழும். பார்ப்பதாற் பயனில்லை, பாராதிருந்தாற் கருவாடு. இந்த விசித்திர நியாயத்தை நாய் மூன்று நாளிற் புரிந்துகொண்டது. அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. குஞ்சு இருக்குமிடத்தில் அடி விழும் என்று கற்ற நாய், அடிப்பவர் இல்லாதபோது என்ன செய்யும் என்பதை அம்மம்மா ஊரில் கண்டிருந்தார்.

சில ஒழுங்குகளும் வகுக்கப்பட்டன. குஞ்சைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும், குஞ்சை முத்தமிடலாகாது. நலமாகத் தோன்றும் குஞ்சின் எச்சத்திலும் சல்மனெல்லாக் கிருமி இருக்கலாம். சிறுபிள்ளைகளுக்கும் முதியோருக்கும் அது கடும் வயிற்றுநோயைத் தரும். குஞ்சுத் தீனை நாய் தின்னவும் விடலாகாது. கழிச்சல் நோயைத் தடுக்கத் தீனிற் சேர்க்கும் மருந்துகளுட் சில கோழிக்கு நன்மை செய்வன, நாய்க்கும் குதிரைக்கும் நஞ்சாவன. கொட்டாஞ்சேனையிற் குதிரைக்கு இடமில்லை, நாய்க்கு இடமுண்டு.

நாயைப் பறவைக்குக் காவலாக்கியவர்களும் உலகில் உள்ளனர். அவுஸ்திரேலியாவின் தென்கரையில், வார்ணம்பூல் நகருக்கு அண்மையில் மிடில் ஐலண்ட் என்றொரு சிறுதீவு உண்டு. வற்றுக்கடலில் நடந்து சென்ற நரிகள் அங்குள்ள சிறு பென்குயின்களைக் கொன்று குவித்ததனால், பல நூறாக இருந்த அப்பறவைகள் 2005 ஆம் ஆண்டளவிற் பத்துக்கும் குறைந்துபோயின. அப்பகுதிக் கோழிப் பண்ணையாளர் ஒருவர் தம் கோழிகளைக் காத்த மரேம்மா இன நாயைத் தீவிற்கு அனுப்பலாம் என்றார். 2006 இல் நாய்கள் அங்கே அமர்த்தப்பட்டன. பென்குயின்கள் மீண்டும் பெருகின. இந்த வரலாறு அழகானது. ஆயினும் அந்த நாய்கள் குட்டிப் பருவத்திலேயே காக்க வேண்டிய உயிர்களின் நடுவே வளர்க்கப்படுபவை. பல தலைமுறைகளாக அதற்கெனவே தெரிந்தெடுக்கப்பட்டவை. ஜிம்மிக்கு நான்கு வயது. அது முன்னர்க் காத்தது தன் கோப்பையை மட்டுமே.

ஆகவே, ஜிம்மி குஞ்சுகளின் காவலனாயிற்று என்று சொல்வது மிகை. மே மாதத்தில் ஒருநாள் காகமொன்று மதிலிலிருந்து முற்றத்திற் பாய்ந்தபோது நாய் குரைத்து எழுந்தது. காகம் வெறுங்காலோடு போயிற்று. சிறுமி இதனைப் பல நாட் சொல்லிக்கொண்டு திரிந்தாள். நாய் குஞ்சைக் காத்ததா, என்றும்போலக் காகத்தைத் துரத்தியதா என்பதை யாரறிவார்? உண்மையில் நிகழ்ந்தது வேறு: நாய்க்குக் குஞ்சுகள் சலித்துப்போயின. கூட்டிய குப்பையைப்போல, காயும் துணியைப்போல, அவை முற்றத்தின் பொருள்களுள் ஒன்றாயின. இரண்டு வாரப் பயிற்சி முழுவதும் அந்தச் சலிப்பை உண்டாக்குவதற்காகவே. அதனைவிடச் சிறந்த பாதுகாப்பு ஒரு குஞ்சுக்கு ஒரு நாயிடமிருந்து கிடைக்க முடியாது. குஞ்சுகளோ மறுதலையாக நடந்தன. மழை பெய்த இரவுகளில் அவை நாயின் வயிற்றோரம் சென்று ஒடுங்கின. நாயின் உடற்சூடு 38 பாகைக்குக் குறையாதது, நல்ல அடைகாப்பான். நாய் திடுக்கிட்டு எழுந்து வேறிடம் போகும். குஞ்சுகள் ஐந்தும் பின்னே போகும். சிலநாள் நாய் முற்றத்தை அவற்றுக்கு விட்டுவிட்டுக் குசினி வாசலிற் படுத்தது. தவணை முடிந்த நாளைக் கணக்கப்பிள்ளை நினைவூட்டவில்லை; மற்றவர்களும் நினைவூட்டவில்லை.

நிற்க. கூட்டிப் பாராது விட்ட எண் சூன் மாதத்தில் வெளிப்பட்டது. வெளிர்மஞ்சட் குஞ்சுகள் வெள்ளை இறகு கொண்டன. கொண்டைகள் சிவந்து நிமிர்ந்தன. ஒருநாட் காலை, தொண்டை கட்டியவன் இருமுவதுபோல் ஓர் ஓசை முற்றத்தில் எழுந்தது. ஐந்தும் சேவல்கள்.

முட்டைக்கென வளர்க்கும் இனங்களில் ஆண்குஞ்சுக்குச் சந்தையில் மதிப்பில்லை. முட்டை இடாது, இறைச்சிக்கும் விரைவிற் கொழுக்காது. பழுப்பு முட்டையிடும் கலப்பினங்கள் பலவற்றிற் குஞ்சு பொரித்த அன்றே நிறம் கொண்டு பால் பிரித்துவிடலாம். பேடு செம்மை, சேவல் வெளிர்மஞ்சள். ஏனையவற்றில் எச்சவாயைத் திறந்து பார்க்கும் யப்பானியர் கண்டறிந்த முறை உள்ளது. பிரித்த ஆண்குஞ்சுகளைப் பொரித்த நாளிலேயே அழித்துவிடுவது உலகெங்கும் நடப்பது. செருமனி 2022 ஆம் ஆண்டுத் தொடக்கம் முதல் அதனைச் சட்டத்தால் தடுத்தது. அழிக்காது எஞ்சுவன நடைபாதைக்கு வரும். முட்டையிடும் பேட்டுக்குஞ்சை யாரேனும் அவ்வளவு மலிவாக விற்பார்களா என்ற வினாவைக் கணக்கப்பிள்ளை தம்மிடம் கேட்டிருக்க வேண்டும். அம்மம்மா முதல்நாளே கேட்டிருந்தார். விடையும் அறிந்திருந்தார். "பிள்ளையின்ரை முகத்தைப் பாத்தன், சொல்ல மனம் வரேல்லை" என்றார்.

அந்தச் சூன் மாதத்தில் அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகள் மரவள்ளியும் கோழியும் வளர்க்கும்படி எழுதின. எழுதியோர் தீன் விலையை எழுதவில்லை. சோளம் அருமையாயிற்று, தீன் மூடையின் விலை ஏறியது, பண்ணையாளர் பலர் கோழிகளைக் குறைத்தனர், முட்டை விலை மேலும் ஏறியது. முட்டையிடாத ஐந்து சேவல்கள் அந்த விலையில் தின்றுகொண்டிருந்தன. யூலை மாதத்தில் அவற்றின் குரல் முதிர்ந்தது. நாலரை மணிக்கு ஒன்று தொடங்கும். ஐந்தும் முடித்து வைக்கும். அடுத்த வீட்டில் இராவேலை செய்து வந்து உறங்குபவர் ஒருவர் இருந்தார். அவர் சண்டைக்கு வரவில்லை. மதிலோரம் வந்து, "அண்ணை, எத்தினை சேவல்?" என்று மட்டும் கேட்டார்.

என்ன செய்வது என்பது வீட்டில் உரத்துப் பேசப்படவில்லை. வத்தளைப் பக்கம் வளவுள்ள உறவினர் ஒருவர் நான்கைக் கேட்டார். அங்கே வளவு பெரிது, ஓடித் திரியலாம் என்று சிறுமிக்குச் சொல்லப்பட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் விடை வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது போலும். பெட்டிக்குள் நான்கையும் தானே எடுத்து வைத்தாள். ஐந்தாவது, கால் சற்று வளைந்த சேவல், வீட்டில் நின்றது. ஒரு சேவலின் குரலை அடுத்த வீட்டார் பொறுத்துக்கொண்டார். அதன்பின் அது மாலையானதும் கூட்டுக்குப் போகாமல், நாய் படுக்கும் சாக்கின் ஓரத்தில் ஒற்றைக் காலை மடக்கி நின்று உறங்கத் தலைப்பட்டது. நாய் எழுந்து போகவில்லை.

ஆகத்து மாதத்தில் முட்டைக்குக் கட்டுப்பாட்டு விலை வந்தது. அந்த விலைக்கு முட்டை கிடைப்பதுதான் அரிதாயிற்று. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்தது. அந்த மாதத்தில் ஒருநாட் கணக்கப்பிள்ளை கடை பூட்டி வரும்போது, அதே நடைபாதையில் அதே கீச்சொலி கேட்டு நின்றார். பெட்டியில் மஞ்சட் குஞ்சுகள். விற்பவர் விலை சொன்னார். கணக்கப்பிள்ளை குனிந்து ஒன்றைக் கையிலெடுத்தார். அதன் இறங்கு குரல் உள்ளங்கைச் சூட்டில் மெல்ல ஏறு குரலாக மாறும்வரை வைத்திருந்து, திரும்பப் பெட்டியில் விட்டார். வாங்கவில்லை. வீட்டிலும் இதுபற்றி எவரிடமும் சொல்லவில்லை. அன்றிரவு அவர் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஜிம்மி வந்து அவருடைய வலது கையை நெடுநேரம் மோந்துகொண்டு நின்றது.